புகையிரதத்தைப் புகை இழுப்பதில்லை

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போன மாதம் ஒரு வீடியோ வந்தது. பழைய கரிக்கோச்சி எஞ்சின் ஒன்று நாலைந்து பெட்டிகளை இழுத்துக்கொண்டு போகிறது; வானத்தில் பாதி கறுத்துவிட்டது. சித்தப்பா உடனே எழுதினார்: "என்ன சக்தி பாருங்கோ, புகையிலேயே ஓடுது." மச்சாளுக்கு வேறு கவலை: "இந்தப் பழைய சாமானை மியூசியத்தில வைக்காமல் ஏன் ஓட்டிப் பழுதாக்கினம்?" கடைசியாகத் தம்பி வந்து தீர்ப்புச் சொன்னான்: "இரும்புதானே, கரியும் தண்ணியும் போட்டால் இன்னும் நூறு வருசம் ஓடும்."

மூன்றும் பிழை. அதில் தம்பியுடையதுதான் ஆபத்தான பிழை. ஆனால் குறை சொல்லவும் முடியாது. நீராவி எஞ்சினைப் பற்றி நாம் எல்லோரும் இப்படித்தான் கதைக்கிறோம். அதன் பெயரே நம்மை ஏமாற்றுகிறது. 1864 டிசம்பர் 27 அன்று கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸவுக்கு 54 கிலோமீற்றர் பாதையில் முதல் வண்டி போனது. பாதையோரம் நின்றவர்களுக்குக் கண்ணில் பட்டது புகை. அதனால் அது புகையிரதம். கரி தின்றது, அதனால் கரிக்கோச்சி. உண்மையில் வேலை செய்தது எதுவோ, அது எந்தப் பெயரிலும் இல்லை.

கேத்தல் மூக்கில் ஒரு விரல் இடைவெளி

இன்றைக்குப் பின்னேரத் தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கும்போது கேத்தலின் மூக்கைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். மூக்கு நுனியிலிருந்தே வெள்ளையாக எதுவும் கிளம்பாது. முதலில் ஒரு விரல் அகலத்துக்கு வெறும் இடம். அதற்கு அப்பால்தான் வெள்ளை தொடங்கும். அந்த வெறும் இடத்தில் இருப்பதுதான் நீராவி. அது கண்ணுக்குத் தெரியாது. வெளியே வந்து காற்றில் குளிர்ந்து, பொடிப்பொடி நீர்த்துளிகளாக மாறிய பிறகே அது வெள்ளையாகிறது. நாம் 'ஆவி பறக்கிறது' என்று சொல்வதெல்லாம் ஆவியாக இருந்து திரும்பத் தண்ணீரானதைத்தான். (விரலை அந்த இடைவெளியில் வைத்துப் பார்க்க வேண்டாம். நான் சின்ன வயதில் வைத்திருக்கிறேன்.)

ஆக, கோச்சியின் மேல் தெரிவதில் கறுப்பு என்பது சரியாக எரியாமல் போன கரித்தூள். வெள்ளை என்பது வேலை முடித்து வெளியேறிக் குளிர்ந்த நீர்த்துளி. எஞ்சினை உண்மையில் ஓட்டிய சாமானை யாரும் பார்த்ததில்லை.

ஒரு லீற்றர் தண்ணீர், எட்டரைப் பரல்

சரி, கண்ணுக்குத் தெரியாத அது எப்படி ஒரு வண்டியை இழுக்கிறது?

ஒரு லீற்றர் தண்ணீரைத் திறந்த பாத்திரத்தில் முழுவதும் கொதிக்கவிட்டால் அது ஏறத்தாழ 1,700 லீற்றர் நீராவியாகும். கட்டடம் கட்டும் இடங்களில் தண்ணீர் பிடித்து வைக்கும் 200 லீற்றர் பரல் இருக்கிறதே, அதில் எட்டரை. ஒரு போத்தலில் இருந்தது எட்டரைப் பரலுக்குள் போக வேண்டும் என்று துடிக்கிறது. அதற்கு இடம் கொடுக்காமல் மூடிப் பூட்டி வைத்தால் எல்லாப் பக்கமும் தள்ளும். இந்தத் தள்ளலுக்குத்தான் அழுத்தம் என்று பெயர்.

பூட்டிய பாத்திரம் நம் குசினியிலேயே இருக்கிறது: பிரஷர் குக்கர். அதற்குள் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 15 இறாத்தல் அளவில் இருக்கும். கார் டயரில் 30 இறாத்தல். கரிக்கோச்சியின் பொயிலரில் பொதுவாக 150 முதல் 200 வரை. பொயிலர் என்றால் தண்ணீரைக் கொதிக்கவைத்து நீராவியைப் பூட்டி வைக்கும் அந்த நீண்ட உருண்டை உடம்பு, எஞ்சினின் வயிறு. அழுத்தம் கூடக் கூடத் தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலையும் ஏறும். குக்கருக்குள் 120 பாகை. பொயிலருக்குள் ஏறத்தாழ 190. அதாவது பொயிலருக்குள் கிடக்கும் பல ஆயிரம் லீற்றர் தண்ணீரும், திறந்துவிட்டால் அந்த நொடியே பொங்கிப் பாய்வதற்குத் தயாராக நிற்கும் தண்ணீர். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், தம்பியின் நூறு வருடக் கணக்குக்குத் திரும்ப வரும்போது தேவைப்படும்.

இனி சிலிண்டர். அது சைக்கிள் பம்ப் மாதிரி ஒரு குழல். பம்பில் கை தள்ளுகிறது, காற்று போகிறது. இங்கே அது தலைகீழ், ஆவி தள்ளுகிறது, உள்ளேயிருக்கும் தட்டு நகர்கிறது. அந்தத் தட்டுத்தான் பிஸ்டன். பள்ளிப் புத்தகத்தில் முசலம் என்று படித்திருப்பீர்கள். 18 அங்குல விட்டமுள்ள ஒரு பிஸ்டனின் முகத்தில் 254 சதுர அங்குலம் இருக்கிறது. ஒவ்வொரு சதுர அங்குலத்திலும் 160 இறாத்தல் என்றால் மொத்தம் 40,000 இறாத்தலுக்கு மேல், ஏறக்குறைய 18 தொன். நாலைந்து யானை ஒரு தட்டில் சாய்ந்து நிற்கிற கணக்கு.

பிஸ்டன் முன்னும் பின்னும் போகும், சில்லு சுற்ற வேண்டும். இதை அம்மம்மாவின் சிங்கர் தையல் மெஷின் நமக்கு எப்போதோ சொல்லித் தந்துவிட்டது. கால் மிதிபலகையை மேலும் கீழும் அசைக்கிறது, ஒரு தடி அதைச் சக்கரத்தோடு இணைக்கிறது, சக்கரம் சுற்றுகிறது. ஆனால் அந்த மெஷின் சில நேரம் ஒரு இடத்தில் வந்து முரண்டு பிடிக்கும். தடியும் சக்கரத்தின் நடுவும் ஒரே நேர்கோட்டில் வந்து நின்றுவிட்டால், எவ்வளவு மிதித்தாலும் அசையாது. கையால் சக்கரத்தை ஒரு தட்டுத் தட்ட வேண்டும். கோச்சியின் சில்லைக் கையால் தட்ட முடியாது. அதனால் இடப்பக்கம் ஒரு சிலிண்டர், வலப்பக்கம் ஒரு சிலிண்டர் வைத்து, ஒரு பக்கம் முரண்டு பிடிக்கும் நேரத்தில் மற்றப் பக்கம் முழுப் பலத்தோடு தள்ளுகிற மாதிரிக் கால் சுற்று தள்ளிப் பூட்டிவிடுவார்கள்.

ஆவி பிஸ்டனின் முன்பக்கமும் தள்ளும், பின்பக்கமும் தள்ளும். எந்தப் பக்கம் எப்போது என்று ஆவிக்கு வழி திறந்து மூடுவது வால்வு. இரண்டு சிலிண்டர், ஒவ்வொன்றிலும் இரண்டு தள்ளல்: சில்லு ஒரு முறை சுற்றினால் நான்கு. பிள்ளைகள் கோச்சி விளையாடும்போது வாயால் போடுகிற அந்தக் 'குச்சுக் குச்சு' அந்த நாலுதான். ஒவ்வொரு 'குச்சும்' வேலை முடித்த ஒரு மடக்கு ஆவி வெளியேறும் சத்தம்.

இன்னொன்று. தேர் இழுத்தவர்களுக்குத் தெரியும், ஓடிக்கொண்டிருக்கும் தேரை இழுப்பது பெரிய காரியமில்லை. நிற்கும் தேரைக் கிளப்புவதுதான் கஷ்டம். ஆடிவேல் திருவிழாவில் வடம் பிடிப்பவர்கள் முதல் அசைவுக்குத்தான் மூச்சைப் பிடிப்பார்கள். நீராவி எஞ்சினின் அழகு என்னவென்றால், அது தன் முழு இழுவையையும் நிற்கும்போதே தரும். கியர் இல்லை, கிளட்ச் இல்லை. ஆவியைத் திறந்தால் அந்த 18 தொன்னும் முதல் நொடியிலேயே இருக்கிறது.

சுருங்கச் சொன்னால்: நெருப்பு தண்ணீரை ஆவியாக்குகிறது, பூட்டிய ஆவி பிஸ்டனைத் தள்ளுகிறது, பிஸ்டன் சில்லைச் சுற்றுகிறது. புகைக்கு இந்த வரிசையில் இடமே இல்லை.

தன் அடுப்பைத் தானே ஊதும் வண்டி

புகைக்கு இடமில்லை என்றேன், ஆனால் புகை போகும் வழிக்கு இருக்கிறது. எனக்கு இந்த எஞ்சினில் ஆகப் பிடித்த சங்கதி இதுதான்.

பொயிலரின் பின்பக்கம், டிரைவர் நிற்கும் இடத்துக்கு முன்னால், நெருப்புப் பெட்டி. அது நான்கு பக்கமும் மேலும் தண்ணீரால் சூழப்பட்ட ஓர் இரும்பு அடுப்பு. அங்கிருந்து சூடான வாயு நூற்றுக்கணக்கான மெல்லிய குழாய்களுக்குள் நுழைந்து, பொயிலரின் தண்ணீருக்கு நடுவே முன்னோக்கிப் போகும். போகிற வழியில் தன் சூட்டைத் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டு முன்னாலுள்ள புகைப்பெட்டியில் சேர்ந்து, புகைக்கூண்டு வழியே வெளியேறும்.

ஆனால் அவ்வளவு ஒடுங்கிய குழாய்களுக்குள் வாயு தானாக இழுபடாது. விறகடுப்பு மங்கும்போது ஊதாங்குழலை எடுப்போமே, அந்த மாதிரி யாராவது ஊத வேண்டும். அதைச் செய்வது வேலை முடித்த ஆவி. சிலிண்டரிலிருந்து வெளியேறும் ஒவ்வொரு மடக்கு ஆவியையும் புகைக்கூண்டுக்கு நேர் கீழே ஒரு குழாய் வழியாக மேலே பீய்ச்சி விடுகிறார்கள். அது வேகமாகப் போகும்போது சுற்றியிருக்கும் வாயுவையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். புகைப்பெட்டியில் வெற்றிடம் மாதிரி ஆகும். பின்னாலிருந்து காற்று நெருப்புக்குள் பாயும்.

ஏற்றத்தில் எஞ்சின் கடினமாக இழுக்கிறதா? ஆவி அதிகம் வெளியேறும், ஊதல் பலக்கும், நெருப்பு தானாகவே எகிறும். சமதரையில் ஓய்வாக ஓடுகிறதா? ஊதல் தணியும், நெருப்பும் தணியும். ஒரு கம்பியில்லை, கம்பியூட்டர் இல்லை. எவ்வளவு வேலையோ அவ்வளவு நெருப்பு.

எங்கள் ஒழுங்கையில் ஒரு பெரியவர் இருந்தார். எஞ்சின் துடைக்கும் பையனாகச் சேர்ந்து, பயர்மேனாகி, நீராவி முடிகிற காலத்தில் டீசலுக்கு மாறியவர். பயர்மேன் என்றால் நெருப்பையும் தண்ணீரையும் பார்ப்பவர். டிரைவருக்கு அடுத்த ஆள். "கரி அள்ளிப் போடுறதுக்கு என்ன படிப்பு ஐயா?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. வளவில் கிடந்த சவளை எடுத்து, கதவடியில் கிடந்த சாக்கை நெருப்புப் பெட்டி என்று காட்டி, இடக்கால் முன்னால், வலக்கால் பின்னால் வைத்து நின்றார். ஒரு சவள் மணல் இடது மூலைக்கு. அடுத்தது வலது மூலைக்கு. பிறகு பின்பக்கம், கதவுக்குக் கீழே. ஒவ்வொன்றும் விசிறின மாதிரி மெல்லிசாய் விழுந்தது. கடைசியில் சவளைக் கவிழ்த்து வாசல் விளிம்பில் பிடித்துக் குனிந்து பார்த்தார். "காத்து இந்தத் தகட்டில பட்டு நெருப்பை அங்கால தள்ளும் தம்பி. அப்பத்தான் எந்த இடத்தில ஓட்டை விழுந்திருக்கெண்டு தெரியும்."

கொஞ்சம் கொஞ்சமாய், அடிக்கடி. அதுதான் அவருடைய படிப்பு. ஒரேயடியாகக் கொட்டினால் காற்று போதாமல் கரி பாதி எரிந்து கறுப்பாக வெளியேறும். சித்தப்பா சக்தி என்று வியந்த அந்தக் கறுப்புப் புகையைப் பெரியவர் பார்த்திருந்தால் நாக்கைச் சூள் கொட்டியிருப்பார். அது எரியாமல் வானத்துக்குப் போகிற எரிபொருள்.

மலை ஏறும்போது மூன்று சோதனை

கொழும்பிலிருந்து தெற்கே போகும் பாதை கடலோரம் தட்டையாகக் கிடக்கிறது. வெள்ளவத்தையில் நின்றால் அலையும் தண்டவாளமும் அருகருகே. அதில் ஓடுவது எஞ்சினுக்கு உலாப்போவது மாதிரி. மலைநாட்டுப் பாதை வேறு கதை. கடுகண்ணாவை ஏற்றத்தில் சரிவு 44 இல் 1, அதாவது 44 அடி போனால் 1 அடி ஏறும். காலால் ஏறினால் தெரியவே தெரியாது. ஆனால் உருக்குச் சில்லு உருக்குத் தண்டவாளத்தைத் தொடுகிற இடம் ஒவ்வொன்றும் ஒரு சின்ன நாணயக் குற்றி அளவுதான். மழை நாளில் அது சவர்க்காரம் போட்ட குளியலறைத் தரை மாதிரி ஆகிவிடும். எஞ்சினுக்குப் பலம் இருக்கும், பிடி இருக்காது; சில்லு நின்ற இடத்தில் சுழலும். இது முதல் சோதனை. மருந்து மிக எளிது: மணல். எஞ்சினில் ஒரு மணல் பெட்டி இருக்கும். அங்கிருந்து குழாய் வழியே சில்லுக்கு முன்னால் தண்டவாளத்தில் தூவுவார்கள். இன்றைய டீசல் எஞ்சின்களிலும் மணல் உண்டு.

இரண்டாவது சோதனை வளைவு. ஏற்றத்துக்குப் பெரிய எஞ்சின் வேண்டும். பெரிய எஞ்சின் நீளமானது. நீளமானது இறுக்கமான வளைவில் திரும்பாது. ஏற்றம் தொடங்கும் ரம்புக்கனையில் பின்னால் இன்னொரு எஞ்சினைப் பூட்டித் தள்ளவைப்பது ஒரு வழி. மற்ற வழி கெரட். ஹெர்பர்ட் வில்லியம் கெரட் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர் 1907 இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த வடிவம் அது: நடுவில் ஒரு பெரிய பொயிலர், முன்னும் பின்னும் தனித்தனியாகத் திரும்பக்கூடிய இரண்டு எஞ்சின் அடிப்பகுதிகள். இரண்டு வண்டில்களுக்கு நடுவே ஒரு மரத்தடியைக் கட்டித் தூக்கிக்கொண்டு போவது மாதிரி. மான்செஸ்டரின் பேயர் பீகொக் கம்பனி செய்த இத்தகைய எஞ்சின் ஒன்றை 1927 இலும் எட்டை 1945 இலும் இலங்கை அரசாங்க ரயில்வே வாங்கியது.

மூன்றாவதுதான் பயங்கரமானது. அதற்கும் ஏற்றத்துக்கும் சம்பந்தமில்லை, ஏற்றம் முடிவதோடு சம்பந்தம்.

அடுப்பில் வைத்த கேத்தலை மறந்துபோய்த் தண்ணீர் வற்றிவிட்டால் அடி என்ன ஆகும்? கருகி, வளைந்து, சில நேரம் ஓட்டை விழும். தண்ணீர் இருந்தவரை அதே நெருப்பு அதே கேத்தலை ஒன்றும் செய்யவில்லை. தண்ணீர்தான் உலோகத்தின் சூட்டை எடுத்துக்கொண்டே இருந்தது. நெருப்புப் பெட்டியின் கூரையும் அப்படித்தான். கீழே ஆயிரம் பாகைக்கு மேலான நெருப்பு, மேலே தண்ணீர். தண்ணீர் அந்தக் கூரையை மூடியிருக்கும்வரை எல்லாம் சுகம். கூரை வெளியே தெரிந்துவிட்டால் சில நிமிடங்களில் உலோகம் இளகும். மேலேயிருக்கும் அழுத்தம் அதைக் கீழே பிளந்துவிடும். 190 பாகையில் காத்துக் கிடந்த தண்ணீர் முழுவதும் ஒரே நேரத்தில் ஆவியாகும். பொயிலர் வெடிப்பு என்பது இதுதான்.

இப்போது பட்டிப்பொலையை நினையுங்கள். கடல் மட்டத்துக்கு மேல் 1,898 மீற்றர், நம் நாட்டுப் பாதையின் உச்சி. அதுவரை எஞ்சின் மூக்கைத் தூக்கிக்கொண்டு ஏறியது; தண்ணீர் பின்பக்கம், நெருப்புப் பெட்டியின் மேல் சாய்ந்து நின்றது. உச்சி கடந்து மூக்கு கீழே குனிந்தவுடன் தண்ணீர் முன்னால் ஓடும். பின்பக்கக் கூரைக்கு மேல் மட்டம் சட்டென்று இறங்கும். ஏற்றம் முழுவதும் கண்ணாடியில் போதுமான தண்ணீர் காட்டிய பொயிலர், இறக்கத்தில் போதாமல் போகலாம். அதனால் நல்ல பயர்மேன் உச்சிக்கு வரும் முன்பே தண்ணீரை ஏற்றி வைத்திருப்பார். கண்ணாடி என்றது நீர்மட்டக் கண்ணாடியை: பொயிலரோடு இணைந்த ஒரு நிமிர்ந்த கண்ணாடிக் குழாய், உள்ளே எவ்வளவு என்று வெளியே காட்டும். பெரியவர் சொல்வார், பெண்சாதியின் முகத்தைவிட அந்தக் கண்ணாடியைத்தான் அதிக நேரம் பார்த்ததாக.

கடைசிக் காவல் ஒன்றும் உண்டு. கூரையிலேயே ஈயம் அடைத்த ஒரு திருகாணி. தண்ணீர் விலகிச் சூடேறினால் முதலில் ஈயம் உருகும்; அந்தச் சின்ன ஓட்டை வழியே ஆவி நெருப்புப் பெட்டிக்குள் சீறி, நிற்பவர்களை எச்சரிக்கும். வீட்டு மின்சாரத்தில் பியூஸ் செய்யும் வேலை.

ஆக, கரிக்கோச்சி ஓட்டுவது என்பது நெருப்பை வளர்ப்பது மட்டுமல்ல. தண்ணீர் எங்கே நிற்கிறது என்பதை ஒவ்வொரு ஏற்ற இறக்கத்திலும் அறிந்திருப்பது.

ஏன் விட்டோம்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். எரித்த எரிபொருளின் சக்தியில் பத்தில் ஒரு பங்குகூட சில்லுக்கு வந்து சேராது. காலையில் ஓட வேண்டுமென்றால் முதல் நாள் இரவே நெருப்பு மூட்ட வேண்டும். இடையிடையே தண்ணீர், சாம்பல் அள்ளல், பொயிலர் கழுவல். டீசலுக்கு இவை எதுவும் இல்லை. 1950களில், பி.டி. ரம்பாலா பிரதம இயந்திரப் பொறியியலாளராகவும் பிறகு பொது முகாமையாளராகவும் இருந்த காலத்தில், டீசல் எஞ்சின்கள் வரிசையாக இறங்கின. 1954 இல் கனடாவிலிருந்து வந்தவை கனடிய மாகாணப் பெயர்களோடே நம் பாதையில் ஓடின. 1960களின் இறுதியோடு நீராவியின் அன்றாட ஓட்டம் முடிந்தது. எஞ்சியவற்றில் பெரும்பாலானவை பழைய இரும்பாகப் போயின.

நிற்கிற எஞ்சினும் தேயும்

இனி மச்சாளின் கேள்வி. ஏன் ஓட்டிப் பழுதாக்குகிறார்கள்?

ஓடாத எஞ்சின் அப்படியே இருக்கும் என்பது நம் நினைப்பு. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் வீடு இருப்பவர்களைக் கேளுங்கள்: இரும்புக் கேற்றுக்கு வருடா வருடம் பெயின்ட் அடித்தும் கீல் இருக்கும் இடத்தில் கறள் எட்டிப் பார்க்கும். எஞ்சின் ஒன்று ஆயிரம் கீல் உள்ள கேற். வெளியே அடிக்கிற பெயின்ட் வெளியே மட்டும்தான். பொயிலரைச் சுற்றிச் சூடு போகாமலிருக்க ஒரு போர்வை, அதன் மேல் மெல்லிய தகடு. அந்தப் போர்வைக்குள் ஈரம் புகுந்தால், பளபளவென்று கறுப்புப் பெயின்ட் அடித்த எஞ்சினுக்குள் பொயிலர் ஓசையில்லாமல் அரித்துக்கொண்டிருக்கும். (பழைய எஞ்சின்களில் அந்தப் போர்வை பெரும்பாலும் அஸ்பெஸ்டஸ். காட்சிக்கு வைத்த எஞ்சினைச் சும்மா கழற்றிப் பார்ப்போம் என்று யாரும் கிளம்பக் கூடாது என்பதற்கு இதுவே போதும்.)

ஓடுகிற எஞ்சினுக்கு வேறு நோய்கள். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் கொதிக்கவைத்த கேத்தலின் உள்பக்கம் எல்லோருக்கும் தெரியும். வெள்ளைச் சுண்ணாம்புப் பட்டை. வீட்டில் அது அசிங்கம், அவ்வளவுதான். பொயிலரில் அது உலோகத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு போர்வை. தண்ணீர் பக்கத்திலேயே இருந்தும் கூரையின் சூட்டை எடுக்க முடியாமல் போகும். அதனால்தான் குறித்த நாட்களுக்கு ஒருமுறை பொயிலரை ஆறவிட்டு, அடியிலுள்ள மூடிகளைத் திறந்து கழுவுகிறார்கள்.

பிறகு சூடும் குளிரும். தடித்த கண்ணாடிக் குவளையில் கொதிக்கும் பிளேன்டீயைச் சட்டென்று ஊற்றினால் வெடிக்கும். உள்பக்கம் விரிந்துவிட்டது, வெளிப்பக்கம் இன்னும் விரியவில்லை. பொயிலரும் அப்படி ஒரு பாத்திரம், பல தொன் எடையில். அதை மணிக்கணக்கில் மெதுவாகச் சூடாக்கி, அதைவிட மெதுவாக ஆறவிட வேண்டும். வாரத்துக்கு ஆறு நாள் சூட்டோடு இருந்த எஞ்சினைவிட, எப்போதாவது ஒருநாள் அவசரமாக மூட்டி அணைக்கப்படும் எஞ்சினுக்குத்தான் நோவு அதிகம்.

அப்படியானால் நூறு வருசம் ஓடுமென்ற தம்பிக்கு என்ன பதில்? ஓடலாம், பரிசோதித்தால். பிரித்தானியாவில் பாரம்பரிய எஞ்சின்களின் பொயிலர்களை ஏறத்தாழ பத்து வருடத்துக்கு ஒருமுறை சட்டகத்திலிருந்து தூக்கி முழுதாகச் சோதிப்பது வழக்கம். தகட்டின் தடிப்பை அளப்பார்கள், குழாய்களை மாற்றுவார்கள். அப்புறம் நீரழுத்தச் சோதனை: பொயிலரைக் குளிர்ந்த தண்ணீரால் ஒரு குமிழிகூட இல்லாமல் நிரப்பி, வழக்கமான அழுத்தத்துக்கும் மேலே ஏற்றிப் பார்ப்பது. ஏன் ஆவியால் சோதிக்கவில்லை? தண்ணீர் சுருங்காது. எங்காவது தகடு விட்டுக்கொடுத்தால் ஒரு பீச்சல், உடனே அழுத்தம் இறங்கிவிடும், நிற்பவர் நனைவார். ஆவியாக இருந்தால் நிற்பவர் மிஞ்ச மாட்டார். கரியும் தண்ணியும் மட்டும் போட்டுப் பார்ப்போம் என்பது இந்தச் சோதனையை ஆட்களை வைத்துச் செய்வது.

மூன்று விதமாக வைத்திருத்தல்

பாதுகாத்தல் என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு வேலைகள் இருக்கின்றன. மேடை கட்டி வெளியே நிறுத்துவது. மிகவும் மலிவு, மழையும் வெயிலும் மெதுவாகத் தின்னும். கூரைக்குள் அருங்காட்சியகத்தில் வைப்பது. நம் நாட்டில் அதற்கு 2014 டிசம்பர் 27 அன்று, முதல் வண்டி ஓடி சரியாக 150 வருடத்தில், கடுகண்ணாவையில் தேசிய புகையிரத அருங்காட்சியகம் திறந்தார்கள். மூன்றாவது, ஓடும் நிலையில் வைத்திருப்பது. கொழும்பு தெமட்டகொடை எஞ்சின் கொட்டகையில் அப்படிச் சில எஞ்சின்களைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். 1980களில் சுற்றுலாப் பயணிகளுக்காகத் தொடங்கிய வைஸ்ரோய் ஸ்பெஷல் வண்டியை இழுத்தவையும் இப்படிப்பட்டவைதான். பழைய ஆளுநர்களின் பெயர் தாங்கிய பி1 வகை எஞ்சின்கள், 'சேர் தோமஸ் மெயிட்லண்ட்', 'பிரெட்ரிக் நோர்த்' போன்றவை, இந்தக் கூட்டத்தில் உண்டு.

ஓடவைக்க எஞ்சின் மட்டும் போதாது, பாதையும் வேண்டும். களனிவெளிப் பாதை முன்பு 2 அடி 6 அங்குலக் குறும்பாதை. 1990களில் அதை மற்றப் பாதைகளைப் போல 5 அடி 6 அங்குலமாக அகலப்படுத்தினார்கள். பயணிகளுக்கு நல்லது. ஆனால் அந்தக் குறும்பாதைக்காகச் செய்த சென்டினல் நீராவி ரெயில்காருக்கு (எஞ்சினும் பயணிகள் பெட்டியும் ஒன்றாக அமைந்த வண்டி), உயிர் இருந்தும் ஊர் போக வழியில்லாமல் போனது.

என் அபிப்பிராயம், ஒவ்வொரு வகை எஞ்சினிலும் ஒன்றையாவது ஓடும் நிலையில் வைத்திருக்க வேண்டும். மற்றவற்றைத் தொடாமல் உள்ளே வைக்கலாம். காரணம் எஞ்சின் அல்ல, கை. கவிழ்த்த சவளால் நெருப்பைப் பார்க்கும் வித்தையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க முடியாது.

இங்கே ஒருவர் கட்டாயம் கேட்பார்: குழாய் புதிது, தகடு புதிது, பிஸ்டன் வளையம் புதிது என்றால் இது அந்தப் பழைய எஞ்சின்தானா? கோயில் தேருக்குச் சில்லு மாற்றுகிறோம், அச்சு மாற்றுகிறோம், உளுத்த பலகை மாற்றுகிறோம். அடுத்த திருவிழாவில் யாரும் 'இது வேறு தேர்' என்று வடத்தை விட்டுவிட்டுப் போவதில்லை. வேலை செய்த காலத்திலேயே இந்த எஞ்சின்களுக்குக் குழாயும் பொயிலரும் மாற்றிக்கொண்டுதான் இருந்தார்கள். எதை எப்போது மாற்றினோம் என்று எழுதி வைப்பதும், கழற்றிய பழையதில் ஒன்றையாவது எறியாமல் வைப்பதும்தான் வித்தியாசம்.

பெரியவர் இறப்பதற்கு முந்திய வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடற்கரைப் பாதையில் நீராவி வண்டி வருகிறது என்று கேள்விப்பட்டு இருவரும் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் போய் நின்றோம். வண்டி மெதுவாகக் கடந்தது. பிள்ளைகள் கையசைத்தார்கள், எல்லோரும் போனைத் தூக்கிப் பிடித்தார்கள். அவர் மட்டும் பார்க்கவில்லை. தலையைச் சரித்துக் கண்ணை மூடி, தொடையில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.

சத்தம் அடங்கிய பிறகு, "மூண்டாவது நொண்டுது" என்றார். "வால்வு ஒருக்கால் பார்க்க வேணும்."

எனக்கு நாலும் ஒன்றாகத்தான் கேட்டது.